நீதிபதி பலாமர் திரும்ப வாங்கிக்கொண்ட தீர்ப்பு

எங்கள் ஊர்ப் பக்கம் கர்லிங் ஆட்டத்துக்கு நடுவர் என்று யாரும் கிடையாது. பனித்தரையில் ஒருவர் கல்லைத் தள்ளிவிடுவார். கூட்டாளிகள் இரண்டு பேர் அதற்கு முன்னால் துடைப்பத்தால் பரபரவென்று தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். ஓடுகிற கல்லில் துடைப்பம் பட்டுவிட்டால் கல் எரிந்துபோச்சு என்பார்கள், அதை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். பட்டதா இல்லையா என்பது துடைப்பம் பிடித்தவனுக்கு மட்டும்தான் தெரியும். அவனேதான் கையைத் தூக்க வேண்டும்.

மாவட்டக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் ஓரெஸ்ட் பலாமர் கையைத் தூக்கினார். அன்று எங்கள் மொஹிலா ஊரே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருந்தது. எங்கள் அணியின் கடைசிக் கல் போய் இலக்கு வட்டத்தின் நட்டநடுவில் உட்கார்ந்ததும் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தினோம். அந்தக் கூச்சலுக்குள்ளே அவர் கை மேலே போனது. தன் துடைப்பம் பட்டுவிட்டது என்றார். எதிரணிக்காரர்களே பார்க்கவில்லை. கல்லை அவரே காலால் ஓரமாகத் தள்ளினார், கோப்பை பக்கத்து ஊருக்குப் போனது.

அணித் தலைவர் நெஸ்டர், பலாமருடைய மனைவியின் அண்ணன். அவர் அன்று கேட்டதை ஊர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். "வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா பல்லா கொட்டிப் போயிருக்கும், மாப்ள?" என்றார். அந்தக் குளிர்காலம் முழுக்க நெஸ்டர் அவரோடு பேசவில்லை. ஆனால் வசந்தம் வந்ததும் அதே கதையைப் பக்கத்து ஊர்க்காரர்களிடம் பெருமையாகச் சொன்னதும் நெஸ்டர்தான்.

எங்கள் ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. கோதுமை ஆளுயரம் விளைந்து கிடந்தாலும் எங்கள் ஆள் ஒருவனும் நன்றாக விளைந்திருக்கிறது என்று சொல்லமாட்டான். "ஏதோ, விதைக்கு மோசமில்ல" என்பான். தேவாலயக் கூடத்தில் இலையுதிர்கால விருந்தின்போது தான் செய்த சாஸ்கடூன் பழ அப்பத்தைத் தானே புகழ்ந்துகொண்ட ஒருத்தியை, அவள் செத்து இருபது வருஷம் ஆன பிறகும், "அந்த அப்பக்காரி" என்றுதான் சொல்கிறோம். திருடினவனைக்கூட மன்னித்துவிடுவோம். தன்னைத்தானே மெச்சிக்கொண்டவனுக்கு எங்களிடம் மன்னிப்பு கிடையாது.

இந்த மண்ணில் முளைத்தவர் பலாமர். அவருடைய அப்பா உக்ரைனிலிருந்து வந்து கல்லும் புதருமாகக் கிடந்த நிலத்தை வெட்டித் திருத்தியவர். ஒருமுறை குதிரைச் சேணம் திருடுபோன விஷயமாகக் காவலர்கள் அவரைக் கூட்டிப்போய் ஏதேதோ கேட்டிருக்கிறார்கள். பாஷை புரியாத மனிதர், மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். அந்த ஆமாமுக்குச் சிறை கிடைத்தது. பலாமர் அப்போது பொடியன். சட்டம் படித்து, கல்லூரியில் வாத்தியாராகி, அவர் எழுதிய ஒரே புத்தகம் ஒப்புதல் வாக்குமூலங்களைப் பற்றியது. முதல் பதிப்பு ஒல்லியாக இருந்தது. நான் பார்க்கும்போது கதவு சாத்தாமலிருக்க முட்டுக் கொடுக்கலாம் போலத் தடித்துவிட்டது. நாடு முழுக்க எந்த நீதிமன்றத்தில் வாக்குமூலம் பற்றிச் சண்டை வந்தாலும் வக்கீல்கள் பலாமரின் புத்தகத்தைத்தான் பிரிப்பார்கள்.

அந்தப் புத்தகத்தின் பலத்தில்தான் அவரை மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நீதிபதியாக அழைத்தார்கள். அவர் என்னைக் காரியதரிசியாக வைத்துக்கொண்டார். நான் வெர்னா குஸிக். மொஹிலாவில் தானியக் கிடங்கு நடத்திய குஸிக்கின் மகள். என் தட்டச்சு வேகத்தைவிட, நான் ஊர்க்காரி என்பதே அவருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மற்ற நீதிபதிகள் மதியம் கிளப்புக்குப் போவார்கள். அவர் மேசையிலேயே மெழுகுக் காகிதத்தைப் பிரித்து, பூண்டு மணக்கும் கொத்திறைச்சிக் குழலும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்த ரொட்டியைத் தின்பார். கறுப்பு அங்கியில் பொடி விழுந்துவிடும். நான் தட்டிவிடுவேன்.

அவர் முன்னால் அவருடைய புத்தகத்தை எந்த வக்கீலும் எடுக்கக்கூடாது. விதி ஒன்றும் இல்லை, எடுத்தால் காது இரண்டும் சிவந்துவிடும், அவ்வளவுதான். "அத எழுதினவனுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சுக்காதீங்க" என்பார். நீதிமன்றமே சிரிக்கும். எல்லோருக்கும் இது ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கு எரிச்சலாக இருக்கும். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல ஒரு மனிதனுக்கு இவ்வளவு கூச்சம் எதற்கு?

எண்பதுகளின் நடுவில் லியோ பராந்தோவின் மேல்முறையீடு வந்தது. லியோ, பூர்வகுடிகளும் வெள்ளைக்காரர்களும் கலந்து பிறந்த மெத்தீஸ் இனத்து ஆள். அறுவடைக் காலத்தில் பண்ணை பண்ணையாகப் போய் வேலை செய்பவன். கல்யாணம் ஆகவில்லை. அக்கா ஃபுளோரன்ஸ் வீட்டில்தான் இருந்தான். அக்கா புருஷனை இழந்தவள், பள்ளிக்கூடத்தில் சமையல் செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் ஊர்ப் பெட்ரோல் பங்க்குக்காரரை யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். காவலர்கள் லியோவைக் கூட்டிப்போனார்கள். முழு நாள் அவன் நான் செய்யவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு விசாரித்த அதிகாரி பேச்சை மாற்றினார். கொலைகாரன் இருக்கிற வீடு என்று தெரிந்தால் அரசாங்கம் வந்து அக்கா பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விடும், நீ ஒத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டால் அவர்களை யாரும் தொடமாட்டார்கள் என்றார். அவர்கள் ஜனங்களில் அரசாங்கத்திடம் பிள்ளையைப் பறிகொடுக்காத வீடு குறைவு. லியோவின் தாயே அப்படி எடுத்துப்போகப்பட்டவள்தான். லியோ ஒத்துக்கொண்டான். அந்த வாக்குமூலத்தைத் தவிர அவனுக்கு எதிராகச் சொல்லும்படி வேறொன்றும் இல்லை. ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

மேல்முறையீட்டை மூன்று நீதிபதிகள் கேட்டார்கள். நடுவில் தலைமை நீதிபதி தோர்பர்ன், ஒரு பக்கம் புதிதாக வந்த ஒருவர், மறுபக்கம் பலாமர். முன் பெஞ்சில் ஃபுளோரன்ஸ் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். சின்னது கோட்டோடு அவள் மடியில் தூங்கிப்போயிருந்தது. விசாரணை முழுக்கப் பலாமர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதையும் அரசு வக்கீலிடம், மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளைங்க பேச்ச முதல்ல எடுத்தது யாரு? பராந்தோவா, அதிகாரியா?"

அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டி, அதிகாரிதான் என்று ஒத்துக்கொண்டார். ஃபுளோரன்ஸ் நிமிர்ந்து பலாமரின் முகத்தைப் பார்த்தாள். தூங்குகிற பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுத்தர் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்ததால் எனக்கு அது தெரிந்தது.

விசாரணை முடிந்ததும் மூவரும் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அங்கே இளையவர் முதலில் பேச வேண்டும், தலைமை நீதிபதி கடைசியில்தான் வாயைத் திறப்பார். அது வழக்கம். உள்ளே பேசியதை வெளியே சொல்லக்கூடாது, பெண்டாட்டியிடம்கூட. இதுவும் வழக்கம்தான். பலாமர் திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவர் கொடுத்த கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்தபோது எனக்குத் தெரிந்துபோனது. மற்ற இருவரும் லியோவின் முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். இவர் மட்டும் மாறுபட்டு எழுதியிருந்தார். பெற்ற பிள்ளையோ அக்கா பிள்ளையோ, குடும்பத்தைக் காட்டி மிரட்டுவதும் மிரட்டல்தான், அந்த வாக்குமூலம் செல்லாது, மறுபடி விசாரணை வேண்டும் என்று. அவர் எழுதியதிலேயே நல்ல எழுத்து அது.

மாறுபட்ட அந்த ஒரு தீர்ப்புக்கு எங்கள் நாட்டில் தனி மதிப்பு உண்டு. மூன்று பேரில் ஒருவராவது சட்டப் புள்ளியில் மாறுபட்டால், தண்டிக்கப்பட்டவன் யார் அனுமதியும் கேட்காமல் நேரே ஒட்டாவாவில் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம். அவர்கள் கேட்டே ஆக வேண்டும். மூவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டால், வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும். முக்கால்வாசிப் பேரைக் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். லியோவுக்கு இருந்த கதவு பலாமரின் அந்தச் சில பக்கங்கள்தான்.

தோர்பர்ன் எங்கள் அறைக்கு வந்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லமாட்டேன். கொலை வழக்கு, பத்திரிகைகள் கத்திக்கொண்டிருந்தன, நீதிமன்றம் ஒரே குரலில் பேசினால் நல்லது என்று நினைத்தார். பலாமர் எப்போதும் கதவைத் திறந்தே வைத்திருப்பார். அதனால் முழுவதும் என் காதில் விழுந்தது. தீர்ப்பு நன்றாக எழுதப்பட்டிருப்பதாகச் சொல்லித்தான் தோர்பர்ன் ஆரம்பித்தார். பிறகு இதற்கு ஆதாரம் எது என்று கேட்டார். பழைய இங்கிலாந்துத் தீர்ப்புகள் என்றார் பலாமர். சிதறிக் கிடந்த அந்தத் தீர்ப்புகளை ஒன்றாக்கி விதி என்று சொன்னது யார் என்று கேட்டார் தோர்பர்ன்.

"நீதான், ஓரெஸ்ட். ஒம் புத்தகத்துல நாலாவது அத்தியாயம். நீ பேர எழுதாம விட்டாலும் படிக்கிறவனுக்குத் தெரியாதா? பலாமர் நீதிபதி, பலாமர் வாத்தியாரப் பாத்து, ஆகா, எவ்வளவு சரியா சொல்லிட்டாருன்னு தீர்ப்பு எழுதறாரு. வக்கீலுங்க சிரிப்பாங்கப்பா. நாங்க ரெண்டு பேரும் ஒம் புத்தகத்த ஒத்துக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு எழுதின மாதிரி இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பலாமர் மசிந்திருக்கமாட்டார். பதவி ஆசை காட்டியிருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பார். இது வேறு. இந்த மனிதரின் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்து அழுத்தியதைப் போல ஆகிவிட்டது. தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது தோர்பர்னுக்கே வெளிச்சம்.

தோர்பர்ன் போனதும் நான் உள்ளே போனேன். காது இரண்டும் சிவந்து, பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். என்ன செய்யப்போகிறீர்கள் என்றேன்.

"அவர் சொல்றதுல நியாயம் இருக்கு வெர்னா. நான் அந்தப் பையனுக்காகப் பேசறேனா, என் புத்தகத்துக்கு வக்காலத்து வாங்கறேனான்னு எனக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியல. அப்படி ஒரு சந்தேகம் வந்தா எனக்கு எதிரா முடிவு பண்றதுதான் முறை."

"உங்களுக்கு எதிராவா? ஜெயில்ல இருக்கறது நீங்க இல்லையே ஜட்ஜையா."

அவர் என்னைப் பார்த்தார். லியோ தரப்பில் ஒட்டாவாவில் அனுமதி கேட்பார்கள், இது பெரிய சட்டக் கேள்வி, அங்கே நிச்சயம் எடுத்துக்கொள்வார்கள் என்றார். யாருக்கு ஆறுதல் சொன்னாரோ தெரியாது. மறுநாள் தன் தீர்ப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மூவரும் சேர்ந்து ஒரே தீர்ப்பு. பிள்ளைகளைப் பற்றி அதிகாரி சொன்னது வெறும் தகவல், மிரட்டல் ஆகாது என்று அது சொன்னது. கீழே மூன்று பெயர்களும் இருந்தன.

ஒட்டாவா அனுமதி மறுத்துவிட்டது. காரணம் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. ஆனால் லியோவின் வக்கீல் ஒருநாள் தாழ்வாரத்தில் என்னிடம் நொந்துகொண்டார். புத்தகம் எழுதின பலாமரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகு, இதில் கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது என்று யார் நம்புவார்கள் என்று. காபி ஆறுகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மூன்று தாள்களைத் தப்பாக அடித்துக் கசக்கிப் போட்டேன்.

அதோடும் போகவில்லை. புத்தகத்தின் அடுத்த பதிப்பு வந்தது. சட்டம் இப்போது என்ன என்று சொல்வது ஆசிரியரின் கடமை. தனக்குப் பிடித்ததை எழுதிவிட்டுப் போக முடியாது. நாலாவது அத்தியாயத்தை அவரே திருத்தினார். பழைய பக்கங்களை அடித்துவிட்டு, குடும்பத்தைப் பற்றி அதிகாரி உண்மையான தகவலைச் சொன்னால் அது மிரட்டல் ஆகாது என்று எழுதி, அடியில் பராந்தோ வழக்கின் பெயரைப் போட்டார். தான் நம்பாத ஒன்றைத் தன் கையால் மாணவர்களுக்குப் பாடமாக்கினார். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். பிறகு அந்த அத்தியாயத்தைக் காட்டி எத்தனை வாக்குமூலங்களை எங்கெங்கே செல்லும் என்று சொன்னார்களோ. அவர் கணக்கு வைத்திருந்தாரா என்று நான் கேட்டதில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டை அப்படியே மடித்து வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போகும் நாட்கள் அதிகமாயின.

எழுபத்தைந்து வயதானால் எங்கள் நீதிபதிகள் இறங்கியாக வேண்டும். அவர் இறங்கி மொஹிலாவுக்கே வந்தார். நான் அதற்கு முன்பே ஓய்வு பெற்று வந்திருந்தேன். மனைவி இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. குளிர்காலம் முழுக்க கர்லிங் கூடமே கதியென்று கிடப்பார். ஆட முழங்கால் விடவில்லை. தண்ணீர்த் தகரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து, பனியின்மேல் துளித்துளியாகத் தெளித்துத் தரையைத் தயார் செய்வார். நெஸ்டர் கிழவர் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மாப்ள, அந்த மூல காஞ்சு கெடக்கு பாரு" என்று அதட்டுவார். நாடறிந்த சட்ட நிபுணர் ஓடிப்போய் அந்த மூலைக்குத் தெளிப்பார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம்தான் லியோ பராந்தோ கொலை செய்யவில்லை என்று தெரிந்தது. கொலையானவரின் பழைய சட்டையில் இருந்த ரத்தத்தைப் புது முறையில் சோதித்தார்கள். அது பங்க்குக்காரரின் தொழில் கூட்டாளியுடையது, கேட்டதும் அவன் ஒத்துக்கொண்டான். மந்திரி ஒருவர் எழுந்து நின்று மன்னிப்பு வாசித்தார். கேட்க லியோ இல்லை. வயிற்றில் புற்றுநோய் வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலில் விலங்கோடு, அதற்குப் பல வருஷம் முன்பே போய்விட்டான். விசாரித்த அதிகாரியும் செத்துப்போயிருந்தார். தோர்பர்னும் இல்லை. புதிதாக வந்த அந்த மூன்றாமவருக்கு யார் பெயரும் நினைவில்லாத நோய். பலாமர் அந்தச் செய்தி வந்த பத்திரிகையை நாலாக மடித்து மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

ஜனவரியில் ஒரு மதியம் ஃபுளோரன்ஸ் வந்தாள். வெளியே குளிர் மூக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அவள் காரை நிறுத்தி, எஞ்சின் உறையாமலிருக்கச் சூடாக்கும் மின்கம்பியைச் சுவர்ப் பிளக்கில் சொருகிவிட்டு நிதானமாக உள்ளே வந்தாள். அதைப் பார்த்ததும், சீக்கிரம் போக வந்தவள் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தலை நரைத்திருந்தது. முகம் மாறவில்லை. நான் கூடத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன். பலாமர் முதுகுத் தகரத்தைக் கழற்றிவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். நான் காபி வைத்துவிட்டு நகரப் பார்த்தேன். இந்த அம்மாவும் இருக்கட்டும், அன்றைக்கும் நின்றிருந்தார்கள் என்றாள் ஃபுளோரன்ஸ்.

சண்டை போட வரவில்லை என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள். சிறைக்கு மாதாமாதம் போனதையும், லியோ துணி வெளுக்கும் வேலை செய்ததையும், பிள்ளைகள் படித்துவிட்டதையும் சொன்னாள். பிள்ளைகளை யாரும் எடுத்துப்போகவில்லை, அந்த அளவில் அவன் கேட்டது கிடைத்தது என்றாள். பிறகு கைகளை மேசைமேல் வைத்தாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும் மிஸ்டர் பலாமர். அவன் தான் செய்யலன்னு ரொம்ப வருஷம் சொல்லிக்கிட்டிருந்தான். ஒட்டாவாவும் இல்லைன்னதுக்கு அப்பறம் பேச்சு மாறிடுச்சு. படிச்சவங்க மூணு பேரு, மூணு பேருல ஒருத்தருக்குக்கூட சந்தேகம் வரல, அப்ப நான்தான் செஞ்சிருப்பேனோ அக்கா, எனக்குத்தான் ஞாபகம் இல்லையோன்னு கேப்பான். சாகறப்பகூட அதத்தான் கேட்டான். எனக்கு பதில் தெரியல. நீங்க அந்தப் பிள்ளைங்க கேள்வியக் கேட்டீங்க. அதனால உங்ககிட்ட வந்தேன். நெஜமாவே ஒருத்தருக்கும் சந்தேகம் வரலையா?"

அவர் ஒன்றும் சொல்லக்கூடாது. அந்த அறைக்குள் நடந்ததை வாழ்நாள் முழுக்க அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டார் என்றுதான் நானும் நின்றேன். சொல்லாமல் இருந்துவிடுங்கள் என்றும் நினைத்தேன், சொல்லித் தொலையுங்கள் என்றும் நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பையன்கள் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பலாமரின் வலது கை மேசையிலிருந்து கொஞ்சம் மேலே எழுந்தது.

"எனக்கு வந்துச்சு" என்றார். "சந்தேகம்கூட இல்லம்மா. அந்த வாக்குமூலம் செல்லாதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். எழுதியும் வச்சேன். அப்பறம் திரும்ப வாங்கிக்கிட்டேன்."

ஃபுளோரன்ஸின் முகத்தில் ஒரு கணம் ஏதோ தெளிந்தது. தம்பிக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது போல. அப்புறம் அது மெல்லப் போய்விட்டது. தெரிந்திருந்ததையும் திரும்ப வாங்கியதையும் அவள் சேர்த்துப் பார்த்துவிட்டாள்.

"மத்தவங்க ரெண்டு பேரும் தப்பா நெனச்சிட்டாங்க. சரி. நீங்க தெரிஞ்சே பண்ணீங்க."

"ஆமா."

"ஏன்?"

பலாமர் முழுவதையும் சொன்னார். ஒளிக்கவில்லை, தோர்பர்ன் மேல் பழி போடவும் இல்லை. தன் புத்தகத்தில் தானே எழுதிய விதி அது என்றும், அதைத் தானே தீர்ப்பில் தூக்கிப் பிடித்தால் தற்பெருமை ஆகிவிடும் என்று பயந்ததாகவும், தனக்கு எதிராக முடிவு செய்வதே நேர்மை என்று நினைத்ததாகவும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. இத்தனை வருஷம் அவருக்குள் நியாயம் போல இருந்த ஒன்று, காபிக் கோப்பைக்கு முன்னால் எடுத்து வைத்ததும் எவ்வளவு அற்பமாக இருந்தது என்பதை நானும் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். அவர் எரித்தது தன் கல்லை என்று நினைத்திருந்தார். அது லியோவின் கல்.

ஃபுளோரன்ஸ் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டாள். குரல் உயரவே இல்லை.

"கொஞ்சம் பெருமை அடிச்சிக்கிட்டிருக்கலாமே மிஸ்டர் பலாமர்" என்றாள்.

போய்விட்டாள். காபியைத் தொடவில்லை. பலாமர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நெஸ்டர் தன் நாற்காலியிலிருந்து, மூன்றாவது தரை காய்கிறது, மாப்பிள்ளை எங்கே தொலைந்தார் என்று கத்தினார். பலாமர் எழுந்து தகரத்தை மாட்டிக்கொள்ளப் போனார். வார் தோளில் ஏறவில்லை. நான் போய் மாட்டிவிட்டேன். எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, பளாரென்று ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. இரண்டும் இன்றுவரை போகவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்தது ஒன்றுதான். புத்தகம் போடுகிறவர்களைக் கூப்பிட்டு, நாலாவது அத்தியாயத்தை மறுபடி மாற்ற வேண்டும், பராந்தோ தீர்ப்பு தவறு, அதில் கையெழுத்துப் போட்ட நானே சொல்கிறேன் என்று போடுங்கள் என்றார். அவர்கள் தயங்கினார்கள். ஒரு நீதிபதி தன் தீர்ப்பை அப்படிச் சொல்வது முறையில்லை என்றார்கள். அடுத்த பதிப்பு வேறொருவர் கையால் வந்தது. அதில் அந்த வழக்கு அப்படியே இருக்கிறது, அடியில் சின்ன எழுத்தில், பின்னால் குற்றமற்றவர் என்று தெரியவந்தது என்ற ஒரு வரியோடு.

அடுத்த இலையுதிர்காலத்தில் பலாமர் இறந்தார். நீதிபதிகளும் வக்கீல்களும் தலைநகரிலிருந்து வந்திருந்தார்கள். குமிழ்க் கோபுரம் வைத்த எங்கள் சின்னத் தேவாலயம் கூட்டத்தைத் தாங்கவில்லை. ஃபுளோரன்ஸ் வரவில்லை. வருவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. பேசியவர்கள் எல்லோரும் கோப்பையின் கதையைச் சொன்னார்கள், அவர் கையைத் தூக்கிய கதையை. கடைசியாகப் பாதிரியார் எழுந்தார். இவ்வளவு படித்தும் இப்படி ஒரு அடக்கமான மனிதரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை, தன் புத்தகத்தைத் தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை என்றார். கூட்டம் தலையாட்டியது. நெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் எழுந்து வெளியே வந்தேன். என் காலில் இடித்த யாரிடமோ நானே மன்னிப்புக் கேட்டேன். அடக்கம் முடிந்து நடக்கும் விருந்துக்கு நான் செய்து வைத்திருந்த பெரோகி காரில் ஆறிக்கொண்டிருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.